காலி இடத்துக்கும் சேர்த்து

மூன்றடிக்கு இரண்டடி.
கித்தானில் ஒட்டிய அரிசித்தாள், சீன மை, எண்ணெய் வண்ணம்.
விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
சீட்டில் இவ்வளவுக்குத்தான் இடமிருந்தது.

சீட்டு எழுதுவது நான்.
ஆழ்வார்பேட்டையில், ஏஸி பாதி வேலை செய்யும் கூடத்தில்
ஏழு வாரமாக இந்தப் படத்துக்கு எதிரே என் நாற்காலி.

கீழே ஒரு கட்டுமரம்.
கத்தியால் அப்பிய ஆரஞ்சு, தார்க் கறுப்பு.
விரல் வைத்தால் கயிற்றின் முறுக்கு தட்டுப்படும்
(வைக்காதீர்கள்).
மேலே, ஒரே மூச்சில் இழுத்துவிட்ட
நீர்த்த மைக்கோடு.
மலை என்பார்கள் வருகிறவர்கள்.
எண்ணூர்ப் பக்கத்து ஆட்களுக்கு
அது புகைபோக்கியின் புகை.
மற்றதெல்லாம் வெறும் தாள்.

வரைந்தவர் லி வென்ஷெங். பல் மருத்துவர்.
ஈவினிங் பஜாரில் மாடிப்படி முடியும் இடத்தில்
கண்ணாடி அலமாரிக்குள் பல்செட்டுகள் சிரிக்கும் கிளினிக்.
தூரிகை பிடிக்க அப்பாவிடம் கற்றார்,
எண்ணெய் குழைக்க எழும்பூர் மாலை வகுப்பில்.
பகலெல்லாம் ஊரார் சொத்தைகளை அடைத்துவிட்டு
ராத்திரி
தாளில் இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்.

வலது மூலைச் சிவப்பு முத்திரையைச்
சீன எழுத்தென்று குனிந்து படமெடுக்கிறார்கள்.
அது பல்லி.
தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்: பல் லி, பல்லி, பல்லி டாக்டர்.
கோபப்படாமல் கல்லில் செதுக்கிக்கொண்டார்.
தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்னதென்று
பஞ்சாங்கம் சொல்லும்;
படத்தின் மூலையில் விழுந்தால்
என்ன பலனோ.

ஒரு விமர்சகர் வந்தார்.
எண்ணெய், தாளில் கசிந்து
கட்டுமரத்தைச் சுற்றி
பஜ்ஜி சுற்றிய காகிதம் போல மஞ்சளாய் ஒரு வளையம்.
"இரண்டு பாணியும் ஒட்டலை பாருங்க, இது குறை" என்றார்.
குறைதான்.
ஆனால் நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் ஏறும்போது
அந்த வளையத்தில்தான் தண்ணீர் இருக்கிறது.
அதை அவர் வரையவில்லை.
அது தானாகப் பரவியது.

போன வியாழன் டேப்போடு வந்தவர்
சோழிங்கநல்லூரில் பதினாலாவது மாடி.
அளந்தார். சோபாவுக்கு மேல் சரியாக உட்காரும்.
"மேல முடிக்கலையா? முக்கால்வாசி காலியா இருக்கே,
பார்த்துக் குறைச்சுக்குங்க."
முட்டுக்காட்டில் மனை வாங்கியதைப் பற்றி
அதற்குமுன் பத்து நிமிடம் பேசியிருந்தார்.
"அது காலியாத்தானே சார் இருந்தது," என்றேன்,
"அதுக்குக் குறைச்சா கொடுத்தாங்க?"
நன்றாகச் சிரித்தார்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டு
போய்விட்டார்.

நேற்று ரோஸ்லின் லி வந்தாள்.
வேப்பேரி வீட்டைக் காலி செய்கிறாள், மாதக் கடைசியில் டொராண்டோ.
மகன் வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்களாம்.
"அப்பா எங்களோட அதிகம் பேசினதில்லைங்க.
வாயைத் திற, மூடு, கொப்புளி.
அவ்வளவுதான்."
படத்தை அவள் பார்க்கவில்லை.
போச்சா என்று மட்டும் கேட்டாள்.

இன்னும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
அவள் கண் என் வாய்க்குள் போனது,
பரம்பரைப் பழக்கம்.
"கீழ, இடது கடைவாய். எத்தனை வருஷமா இப்படி விட்டு வச்சிருக்கீங்க?"

ஒன்பது வருஷம் என்றேன்.

ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.
ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
சீட்டில் விலையை மாற்றவில்லை.
நாக்கு மட்டும்
அந்த இடத்துக்கே
போய்ப் போய் வருகிறது.