இறங்குதுறையில் இடமில்லை

புரஸ்டேட்டில் ஒரு கலம்,
கலத்துக்குள் ஒரு ஏற்பி:
டொக்டர் விமலரத்ன கிளினிக் கொப்பியின் பின்மட்டையில்
கீறிக் காட்டினார்.
அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி,
மிச்சத்தைப் பேனை சொன்னது.

முப்பத்தொரு வருசம் சீனக்குடாவில்
கப்பலுக்கு இடம் ஒதுக்கியவன் நான்.
எனக்கு வேறு படம் தேவையில்லை.
குளிசை ஒரு வெறும் பாதை.
ஏற்றாது, இறக்காது,
வந்து கட்டிக்கொண்டு சும்மா நிற்கும்.
ஆண்சுரப்பு வழக்கம்போலச் சரக்கோடு வந்து
வெளியில் நங்கூரம் போட்டு
ஊதும்.
அப்படிக் கிடந்த கோதுமைக் கப்பல்களை எனக்குத் தெரியும்.
எட்டு நாள், பத்து நாள்,
கப்டனின் குரல் வயர்லெஸ்சில் கெஞ்சலாகும் வரை.

"ஒருநாள் கலம் பழகிவிடும்," என்றார்,
"பாதையையே கப்பலென்று எடுத்துக்கொள்ளும்."
எத்தனை நாளில் என்று கேட்டேன்.
பேனையை மூடினார்.

ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்த மாதம்
நிஸ்தாரின் பாமசி.
பெயரை உரக்க வாசிக்கமாட்டார்.
தன் வாப்பாவுக்கும் இதுதான் என்று
மூன்றாம் முறைதான் சொன்னார்,
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே.

முதலில் வேர்வை.
நடுச்சாமத்தில் முதுகுக்குள் அடுப்பு.
பவளராணி கலண்டர் மட்டையால் விசிறினாள்:
"எனக்கு இது நாப்பத்தொன்பதில வந்தது,
நீங்க அப்ப குறட்டை."

பிறகு மார்பு.
சட்டை உரசினாலே நோகும் இரண்டு கட்டி.
ஓட்டோ பள்ளத்தில் விழும்போது
கையைக் குறுக்கே வைத்துக்கொள்கிறேன்.
பஸ் நெரிசலில் பெண்கள் அப்படி நிற்பதை
இவ்வளவு காலம் பார்த்தேன்,
பார்த்தேன்தான்.

மற்றதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.
அவள் கால்விரலால் என் காலைத் தேடுவாள்,
கண்டுபிடித்ததும் நித்திரை.

இன்று கோட்டை வாசலடியில் அந்த ஆண்மான்.
போன கிழமை இரண்டு கொம்போடு
வான் ஒன்றை மறித்து நின்றது;
கிழிந்த காதால் அடையாளம் பிடித்தேன்.
இப்போது நெற்றியில் இரண்டு சிவந்த வட்டம்.
கச்சான் சரையின் கடதாசியை
ஆறுதலாக மென்றது.
என்னைப் பார்த்தது, வெட்கப்படவில்லை.
"திரும்ப முளைக்கும் ஐயா," என்றான் கச்சான்காரன்,
நான் கேட்காமலே.

நாற்பத்தாறாக இருந்த எண்
இரண்டு தசம் ஒன்று.
பவளராணி அதைக் கலண்டரில்
பால்கணக்குக்குக் கீழே எழுதினாள்.

இரவு எட்டு மணி.
குளிசை, அரைக் கிளாஸ் தண்ணீர்.
குடாவுக்கு வெளியே எதுவோ ஊதுகிறது.
ஊதட்டும்.