மிளகாய் பற்றிய கேள்வி

பாஸ்தோ நகரம். எரிமலைக்கு இன்று தலை இல்லை,
மேகம் கழித்துப்போட்டிருக்கிறது.
அரசு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
ஜன்னல் மறந்துபோன அறையில்
ஃபனோர், மெழுகுக் கட்டியிலிருந்து
ஒரு மனிதனின் இரைப்பையைச் சீவுகிறான்:
முடியைப் பதினைந்தாகப் பிளந்த பருமனில்.
வெந்நீரில் மிதக்கும் சுருக்கத்தை
விரிய விட்டுக் கண்ணாடியில் ஏந்துகிறான்.
நீலத்தில் ஒரு முக்கு. இளஞ்சிவப்பில் ஒரு முக்கு.

பெயர் செகுந்தோ ஹொஹோவா. வயது ஐம்பத்தெட்டு.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
'உருளை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் நூபியா பந்தோஹா
போன வருடத்துக் கண்ணாடியை முதலில் வைக்கிறாள்.

சுரப்பியின் அடி, கிணற்றடி போல.
முதன்மைச் செல்கள் குடியிருக்க வேண்டிய இடம்.
வளர்ந்து முடிந்தவை அவை,
இனி இதுதான் என்று உட்கார்ந்துவிட்டவை.
புரதம் அறுக்கும் சாற்றைக் குருணை குருணையாகக் கட்டி
வாசலில் அடுக்குவது உத்தியோகம்.
பெருகும் வேலையைக்
கழுத்துப்பக்கம் இருக்கும் இளசுகளிடம் விட்டுவிட்டவை.

பிறகு கிருமி வந்தது, வருடக்கணக்கில் தங்கியது.
அமிலம் சுரக்கும் பக்கத்து வீடுகள்
ஒவ்வொன்றாக இடிந்தன.

நூபியா கல்லூரியில் படித்தபோது
வளர்ச்சி ஒருவழிச் சாலை.
தேர்வில் அப்படித்தான் எழுதினாள், முழு மதிப்பெண்.

ஆனால் இவை என்ன செய்தன என்றால்
கட்டிவைத்த குருணையைத் தாமே தின்றன.
ஆலையைத் தின்றன. அச்சுகளைத் தின்றன.
எதற்காக நாற்பது வருடம் பெயர் பெற்றனவோ அதைச்
செரித்துவிட்டு
வெறும் உடம்பாக நின்றன சற்று நேரம்.
அப்புறம் கருவில் கேட்ட பழைய பாஷையில்
இரண்டொரு சொல் பேசிப்பார்த்து,
பிரிந்தன.
ஒன்று இரண்டாக. இரண்டு நான்காக.
புண்ணின் கரையில் ஆள் சேர்ந்தது.

(மனிதரோடு இதைப் பொருத்திப் பார்க்காதே,
என்று நூபியா தனக்குச் சொல்லிக்கொள்வாள்.
செல்லுக்குத் துணிச்சல் கிடையாது. புண் உண்டு, அவ்வளவே.)

திரும்பி வருவதுதான் சிக்கல்.
இளமைக்குப் போன எல்லாமே
வேலைக்குத் திரும்புவதில்லை.
வழி மறந்து, வெளுத்த சளியைச் சுரந்துகொண்டு
அடியிலேயே நின்றுவிடும் சில.
அவற்றில் ஒன்று, என்றோ ஒரு நாள்,
பிரிவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்
அதற்கு வேறு பெயர்.
இந்த மலைகளில் அந்தப் பெயருக்கு
சவப்பெட்டிக்காரர்கள் நிறையப் பேர்.

இப்போது புதிய கண்ணாடி.
கிருமியை மருந்து துரத்திப் பதினொரு மாதம்.
முதல் சுரப்பி வெளுப்பு. இரண்டாவது வெளுப்பு.
மூன்றாவதில் அவள் கை, குமிழைத் திருகுவதை நிறுத்தியது.
அடியில், மங்கலாக, நீலம்.
குருணைகள். புதிதாகக் கட்டியவை.
பழைய குருடி கதவைத் திறந்திருக்கிறாள்.
எண்ணினாள். பதினேழு சுரப்பியில் ஆறு.
மற்றவை பற்றிக் கண்ணாடிக்கும் தெரியாது.

'ஃபனோர், இங்கே வந்து பார்' என்றாள்.
அவன் கையில் மெழுகு. பார்த்தான்.
'நீலம்' என்றான்.
'ஆமாம், நீலம்.'

அறிக்கையில் இதற்கெல்லாம் இடமில்லை.
'பகுதி மீட்சி. ஓராண்டில் மறுபரிசோதனை.'
நாலே சொல். முத்திரை.

ஜன்னலில் காத்திருந்தவர்
தொப்பியைக் கழற்றாமல் தாளை வாங்கினார்.
நகக்கண்ணில் கறுப்பு மண்.
வழக்கமாக நூபியா மேலே வருவதில்லை; இன்று வந்தாள்.
வயிற்றின் அடியில் சிலர்
சின்னப் பிள்ளையாகிப் போய்
வீட்டைக் கட்டிவிட்டு மறுபடி பெரியவர்களாகி
வேலைக்கு வந்துவிட்டார்கள் என்றாள்.
சிலர் இன்னும் வரவில்லை.

அவர் யோசித்தார்.
தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

'அப்போ மிளகாய் சாப்பிடலாமா?'

நூபியாவுக்கு முழு மதிப்பெண் வாங்கிய நாள் ஞாபகம் வந்தது.
'கொஞ்சம்' என்றாள்.