முதுகுப் பக்கம்

தொப்பிச் சின்னம் எது வந்தாலும்
முதலில் திருப்பித்தான் பார்ப்பேன்.
முகத்தில் கிரீடம், கொடி, லத்தீன் வாசகம்,
எல்லாம் அணிவகுப்புக்காக நிற்பவை.
முதுகில் ஒரு பித்தளை நாக்கு,
தொப்பியின் பிளவில் செருகுவது.
அதைப் பற்றவைத்த விதம் பார்த்தால் போதும்
எனக்கு வயது தெரிந்துவிடும்.

ஹெக்ஸம் சந்தையில், மடாலயச் சுவரோரம்,
பச்சை வெல்வெட் விரித்த மேசை என்னுடையது.
கிரீடத்தின் தோள் சரிவைப் பார்த்து
அரசரா அரசியா என்பேன்.
வெள்ளை உலோகம் கலக்காத முழுப் பித்தளையா,
பதினாறாம் ஆண்டுச் சிக்கனம்.
பழுப்புப் பிளாஸ்டிக்கா, அடுத்த போர்.
பழைய அச்சில் நேற்று அடித்ததா,
அதுவும் விற்பேன், சொல்லிவிட்டு,
ஒன்றரை பவுண்டுக்கு.

எழுபத்து நாலில் அப்படி ஒன்றை வாங்கினாள்
ஆலிவ் என்றொருத்தி.
ரெட்ஸ்டேல் காலாட்படை. பாலத்தின் மேல் நீர்நாய்.
வாங்கிய கையோடு கேட்டாள்,
உப்புத்தாள் இருக்கிறதா?
அம்மாவுக்குக் கண் போய்விட்டதாம்,
கட்டைவிரலுக்கு மட்டும் எல்லாம் தெரியுமாம்.
ஞாயிறுதோறும் துடைத்துத் துடைத்து
நீர்நாயின் மீசை, கண், காது
எல்லாம் வழுக்கிப் போயிருந்ததாம் அசலில்.
அதை மகன் சட்டையில் குத்திக்கொண்டு
நடனத்துக்குப் போய்த் தொலைத்துவிட்டான்.

மேசைக்கடியில் குந்தி
இருவரும் மாறி மாறித் தேய்த்தோம்.
தேய்த்தபடி அவள் சொன்னது இது:

ராத்திரித் தாக்குதலுக்குக் கிளம்புமுன்
சின்னங்களைக் கழற்றி ஒரு மண்மூட்டையில் போடுவார்கள்.
பிடிபட்டால் எந்தப் படையென்று தெரியக்கூடாது.
அன்று பதினெட்டுப் பேர் போனார்கள்.
விடிகாலை பன்னிரண்டு நீர்நாய்கள் தொப்பி ஏறின.
மூட்டைக்குள் மிச்சம் ஆறு.
எல்லாம் ஒரே அச்சு, ஒரே பளபளப்பு.
சார்ஜென்ட் ஆளுக்கொன்றாக உறையில் போட்டு
ஆறு வீடுகளுக்கு அனுப்பிவைத்தார்.
அதில் ஒன்று ஐசபெல் மில்பர்ன் வீட்டுக்கு,
கணவன் கத்பர்டின் பெயரெழுதி.

அவருடையதுதான் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை,
என்றாள் ஆலிவ்.
'வந்தது' என்றுதான் சொல்வாள்.

முப்பத்தோரு வருடம் கழித்து, போன சனிக்கிழமை,
நரை விழுந்த ஓர் ஆள், ஆல்வின் என்று பெயர்,
புகையிலை டப்பா ஒன்றைத் திறந்து நீட்டினான்.
திருப்பினேன்.
கோணலாக ஈயம் வழிந்த நாக்கு.
என் சரக்கு.

"அம்மா போன மாதம் இறந்துபோனாள்.
விற்பதற்கில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்றான்.
பிறகு சிரித்தான்:
"பதினைந்து வயதில் இதைத் தொலைத்துவிட்டேன் என்று
ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.
பார்த்தால் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது."

பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.
அது ஒரு வசதி,
யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

டப்பாவின் அடியில் கம்பளித் துணி.
அதில் ஆழமாக ஒரு நாக்கின் தடம்:
ஐம்பத்தேழு வருடம்
முகம் மேலே பார்க்க ஏதோ கிடந்திருக்கிறது.
அந்தப் பள்ளத்தின் குறுக்கே,
மெல்லிதாக, வேறொரு தடம்.
பாலம். வளைந்த வால்.
முகமில்லாத ஒரு நீர்நாய்.

கவிழ்த்து வைத்திருக்கிறாள் ஐசபெல்.
முதல் நாளிலிருந்தா, கடைசி வருடத்திலா,
கம்பளி அதைச் சொல்லவில்லை.
"ஞாயிறு துடைப்பது நின்றுவிட்டதா?" என்றேன்.
"சாகும்வரை துடைத்தாள்," என்றான்.
"இன்னும் அதிகமாகவே."

என்ன விலை பெறும் என்று கேட்டான்.
மழை தூறத் தொடங்கியது,
பக்கத்து மேசைக்காரன் தார்ப்பாயை இழுத்தான்.
பதினாறாம் ஆண்டு மாதிரி, முழுப் பித்தளை என்றேன்.
அதில் பொய் எதுவும் இல்லை.
நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்றேன்.
பிறகு துணியின் தடத்துக்குச் சரியாகப் பொருத்தி
முகத்தைக் கவிழ்த்து வைத்து
மூடிக் கொடுத்தேன்.