கீறல்

திருநெல்வேலி ஆய்வுகூடம். இரவு பதினொன்று.
பிப்பெற் நுனியால்
கலப்படலத்தில் ஒரு கோடு கீறினேன்.
அதுவரை அந்தக் கலங்களுக்கு
முன்னுமில்லை, பின்னுமில்லை.

"இப்ப பாரும்" என்றாள் கஜவதனி.
வெறுமையைத் தொட்ட விளிம்பில்
ராக் புரதம் பச்சையாய்த் திரண்டு
சவ்வை முன்னே தள்ளுது.
ரோ பின்னுக்குப் போய்
வாலைச் சுருக்குது.
ஒன்று நிற்கிற இடத்தில்
மற்றது நிற்காது,
எங்கட வாசிகசாலைக் கமிட்டி மாதிரி.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமி இருமி எழும்ப
நாற்பது நிமிடம்.

திரை வந்தபோது
காயம் பாதி மூடியிருந்தது.
எல்லாக் கலமும் வெளியைப் பார்க்க
ஒன்று மட்டும்
வந்த பக்கம் முகம் திருப்பி
ஊர்ந்துகொண்டிருந்தது.

"பிழை, விடும்" என்றாள்.

விடவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணி
அதையும் சேர்த்தே எழுதினேன்.