படுத்த வண்டிக்கு ஓட்டு இல்லை

மைனஸ் முப்பத்தெட்டு.
அர்வைஹேரிலிருந்து மேற்கே போகும் சாலையில்
ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை.
வாசலில் என் போர்ட்டர் லாரி படுத்துக் கிடக்கிறது,
டேங்குக்குள் டீசல் மெழுகாகி,
முதுகில் நாற்பது மூட்டை முட்டைக்கோஸ் கல்லாகி.

உள்ளே அடுப்பைச் சுற்றி வழக்கு நடக்கிறது:
எந்த வண்டியை நம்பலாம்?
படுத்த வண்டிக்காரனுக்கு இதில் ஓட்டு இல்லை.
உப்புத் தேநீரை ஊதிக்கொண்டு கேட்கிறேன்.

ஷக்தார், சாம்பல் நிற ருஷ்ய வேன்காரர்:
"எஞ்சின் எனக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல
மச்சான் மாதிரி உக்காந்திருக்கு.
இருமினா தெரியும், பொய் சொன்னா தெரியும்.
அதோட மூடி மேல வச்சுத்தான் ஆட்டுக்கறி சூடு பண்றேன்.
தினம் படுக்குது, சரி.
எழுப்ப ஒரு ஸ்பானர், ஒரு கம்பி,
கொஞ்சம் கெட்ட வார்த்தை போதும்."

ஹொங்கோர்சூல் சிரிக்கவில்லை.
சுரங்கக் கம்பெனியில் கணக்கர்.
ஜப்பானில் ஒரு ஆயுளை முடித்துவிட்டு வந்த பிரியஸ் அவளுடையது,
மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்.
"பட்டனை அமுக்குறேன், போகுது.
பானெட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது.
என் கல்லீரலைக்கூட நான் திறந்து பார்த்ததில்ல."
"கல்லீரல் போச்சுன்னா?"
"உன் வேன்ல ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்."

அடுப்பில் வரட்டி வெடித்தது.
பேச்சு கியருக்குத் தாவியது.
அவள் வண்டியில் கியரே கிடையாது என்றார் அவர்.
இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றாள்.
"கண்ணுக்குத் தெரியாததைக் கும்பிடலாம்,
ஓட்ட முடியாது."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் தவாசம்பூ,
புருவத்தில் பனிக்கட்டி, வெளியே பழைய பிளானெட்டா பைக்.
கையுறையைக் கழற்றும் முன்பே தீர்ப்புச் சொன்னான்:
"சிலிண்டர் ஒண்ணு. பிளக் ஒண்ணு. கார்புரேட்டர் ஒண்ணு.
ஒத்தையா இருந்தா சண்டை ஏது?"
இடுப்புப் பையில் இன்னொரு கார்புரேட்டர்
துணி சுற்றி இருந்ததை நான் பார்த்தேன்.
ஓட்டு இல்லாதவன், சொல்லவில்லை.

நாலு மணிக்கு வெளிச்சம் சரிந்தது.
எல்லோரும் எழுந்தார்கள்.
பிரியஸ் கிளம்பியதா இல்லையா என்பது
அது நகர்ந்தபோதுதான் தெரிந்தது.
பிளானெட்டா பதினோராவது உதையில் கத்தியது.
ஷக்தார் தன் வேனுக்கடியில் ப்ளோலாம்பை வைத்து
ஆயில் தொட்டியைச் சுட்டார்;
பிறகு, கேட்காமலேயே, ஊர்ந்து வந்து
என் டீசல் டேங்கையும்.
"கொரியாக்காரன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்,
நம்ம குளிரை மட்டும் சொல்ல மறந்துட்டாங்க."

லாரி கறுப்பாக ஒருமுறை தும்மியது. எழுந்தது.

என் வண்டிக்கு மூன்றாவது கியர் விழாது.
இரண்டை ஒருமுறை தொட்டு,
கிளட்சை விட்டு, மறுபடி மிதித்தால்தான் மூன்று.
ஆறு வருடமாக இப்படி.
மெக்கானிக் அதைப் பழுது என்றான்.
எங்களுக்குள் இது ஒரு ஏற்பாடு.
கடைக்குள் சொல்ல நினைத்திருந்தது இவ்வளவுதான்.

ஒன்பதாவது கிலோமீட்டரில்
ஓரமாகச் சாய்ந்து நின்றது சாம்பல் வேன்.
பின்னால் பிரியஸ், சத்தமில்லாமல்,
விளக்கை மட்டும் அவர் கைகளின்மேல் போட்டுக்கொண்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி எஞ்சின் மூடியைத் திறந்திருந்தவர்
என்னைப் போ போ என்று கையசைத்தார்.

ஓரங்கட்டினேன்.
அணைத்தால் மறுபடி படுத்துவிடும்.
அணைக்காமல் இறங்கினேன்.