பங்கேற்பாளர் ஏழு

மஞ்சள் சீட்டு, ரோஸ் சீட்டு, ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா.
"மனசுல தோணுறத எழுதிச் சுவத்துல ஒட்டுங்க சிஸ்டர்."
ஒட்டினோம்.
கீழக்கரை ஆஸ்பத்திரி மாடிக்குள் கச்சான் புகுந்து
எங்கள் மனசையெல்லாம் வாரி
பீரோவுக்கு அடியில் போட்டது.
ஜீனத் பேகம் பிளாஸ்டரைப் பல்லால் கிழித்து
ஒவ்வொன்றாய் மறுபடி ஒட்டினாள்.
அதை யாரும் குறிப்பெடுக்கவில்லை.

திருக்கை குத்தியவர்கள்
கால் முக்கி வைக்க ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி.
சேர்ந்து வடிவமைப்போம் என்று வந்தவர்கள்
படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.
சக்கரம் இருந்தது, சுவிட்ச் இருந்தது.
தொட்டிக்குள் கால் விட்டிருந்தவன்
அரைக்கால் சட்டை போட்டிருந்தான்.

"எங்ககிட்ட வர்றவ பாசி எடுக்கப் போனவ.
ஈரச் சேலையோட வருவா.
ஆம்பள வார்டு வாசல்ல முழங்கால் மட்டும் தூக்கிட்டு
ஒன்னரை மணி நேரம் உக்காருவாளா?"
மிருணாளினி அழிரப்பர் தேடினாள்.

"சூடு சரியான்னு எப்படிப் பாப்பீங்க?"
என் முழங்கை. அப்புறம் அவளுடைய நல்ல கால்.
குத்துப்பட்ட கால் சூடு சொல்லாது,
விஷக்கடுப்பு கொதிதண்ணியையும் இதம் என்னும்.
"இது எந்தப் புத்தகத்துல இருக்கு சிஸ்டர்?"

ஒரு காலில் இருக்கிறது.
நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம்.
இதமா இருக்கு, இன்னும் ஊத்து என்றாள்.
ஊற்றினேன்.
மறுநாள் தோல்
கட்டுத்துணியோடு வந்தது.

பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி மட்டும்
விழித்திருந்தது.
பதினெட்டு வருடம்
நைட் டூட்டி ரிப்போர்ட்டில்கூட எழுதாததை
ஒரு ரோஸ் சீட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

"பேரு வெளிய வராது சிஸ்டர்,
பங்கேற்பாளர் ஏழுன்னுதான் போடுவோம்."
அந்த எண்ணை அவளுக்குக் கொடுங்கள்.
என்னைச் சகாயராணி என்றே போடுங்கள்,
தொட்டிக்கும்
அந்தக் காலுக்கும்.

பென்சிலை வாங்கி
சட்டைக்காரன் மேல் சேலை வரைந்தேன்.
பக்கத்தில் இன்னொரு கால்.
அம்புக்குறி போட்டு: இது முதலில்.
ஜீனத் சக்கரங்களை அடித்தாள்,
குறுக்கே ஒரு மறைப்புத் திரை போட்டாள்.
கொக்கி வேண்டாம், உப்பு தின்றுவிடும், கயிறு போதும் என்றாள்.
எத்தனை அடிக் கயிறு என்று
நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது

கீழேயிருந்து ஆயா கத்தினாள்:
"சின்ன ஏர்வாடி ஆட்டோ வந்திருக்கு,
தண்ணி வைக்கவா?"

படத்தைப் பாதியில் விட்டு இறங்கினோம்.
மிருணாளினி பின்னாலேயே வந்தாள்.
வாளியை அவளிடம் கொடுத்தேன்.