இருக்கிறது

நான் கம்பத்தில் ஏறி நின்றதும்
தைஸ்தோ கீழிருந்து கேட்பார்:
"யான்னிதே?"
வோல்ட் இருக்கிறதா என்று அர்த்தம்.
சோதனைக் கோலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வேன்:
"இல்லை."
சொன்ன பிறகுதான் வேலை.
பதினொரு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சில்
பாதி இதுதான்.
மீதி, காபி.

மார்ச். மைனஸ் பதினாலு.
வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே
வானிலை சொல்வதுபோலச் சொன்னார்:
"மினுவா யான்னித்தா."

எங்கெல்லாமோ கேட்ட சொல்.
பல் மருத்துவர் வாசலில் கேட்டிருக்கிறேன்.
ஹாக்கியின் கடைசி மூன்று நிமிடத்தில்
பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக.
என் தங்கை ஐலி பதிவு அலுவலகத்தில்
பேனாவைத் தலைகீழாகப் பிடித்தபடி இதையே சொன்னாள்,
விவாகரத்துக்குப் போன அன்றும்.
வில்லில் நாண் இழுத்தாலும் இதே வினை.
குதிகாலுக்கு மேல் விறைப்பாக ஓடுகிறதே ஒரு நாண்,
அதற்கும் இது சொந்தம்.
நான் தினமும் அளக்கிற வோல்ட்
இதன் வயிற்றில் பிறந்தது.
பயமா, ஆவலா என்று பிரித்துக் கேட்டால்
காயானியில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.
கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இன்னொன்று,
அந்த வாக்கியத்தில் செய்பவர் கிடையாது.
என்னை இழுத்துக் கட்டுகிறது,
அவ்வளவுதான்.
எது என்று கேட்டால்
இலக்கணம் கையை விரித்துவிடும்.

"எது?" என்று கேட்டேன் நானும்.
மரக்கிடங்கு தாண்டி,
ரயில்வே கேட் தாண்டி,
பாலத்தில் ஏறும்போது பதில் வந்தது:
"நீச்சல்."

ஐம்பத்து மூன்று வயது.
வீட்டுக்கு முன்னால் ஏரி, பின்னால் இன்னொன்று,
சொந்தமாக இரண்டு படகு.
கோடையில் சானாவின் சூட்டிலிருந்து
ஊரே தண்ணீருக்கு ஓடும்போது
இவர் மட்டும் படியில் உட்கார்ந்து
அகப்பையால் தலையில் ஊற்றிக்கொள்வாராம்,
முட்டி வலி என்று சொல்லி.
முப்பது வருட முட்டி வலி.

இன்று ஐந்தரைக்கு நகராட்சிக் குளத்தில் முதல் வகுப்பு.
பணம் கட்டியாயிற்று.
நீச்சல் உடை கருவிப் பெட்டிக்குள்,
ரப்பர் கையுறைகளுக்கு அடியில்,
விலைச்சீட்டு கிழிக்காமல்.

"யானிஸ்தா ஆகிவிடுவேன் போல" என்றார்.
யானிஸ் என்றால் முயல்.
கடைசி நொடியில் புதருக்குள் பாய்ந்துவிடுகிறவனுக்கு
நாங்கள் வைத்த வினை அது.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
நாக்கு ஒரு மயிரிழை நழுவினால் போதும்.

இறக்கிவிட்டுப் போயிருக்கலாம்.
போகவில்லை.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் காபிக்கடை;
ஏலக்காய் ரொட்டி ஒன்று வாங்கி உட்கார்ந்தேன்.
அடுத்த பாதையில் ஏழு வயதுகள்
சாக்குப்பையிலிருந்து கொட்டிய உருளைக்கிழங்குபோல்
பொத்துப் பொத்தென்று விழுந்தன.
இவர் விளிம்பில்,
கால் விரல்களை ஓட்டில் மடக்கி,
ஒரு கையால் வயிற்றை மறைத்து.
நாற்பதடிக் கம்பத்தில் கையை விட்டு நிற்கிற ஆள்.

சொல்லிக்கொடுக்கிற பெண் என்னவோ சொன்னாள்.
இவர் அவளைப் பார்க்கவில்லை.
நிமிர்ந்து, கண்ணாடி வழியாக, என்னைப் பார்த்தார்.
உதடு அசைந்தது.
சத்தம் வராது, தேவையும் இல்லை,
பதினொரு வருடமாகப் பார்க்கிற உதடு:
யான்னிதே?

இல்லை என்று தலையாட்டினால்
பத்திரம் என்று அர்த்தம்.
வழக்கம் அது.
என் நெஞ்சுக்குள் கோலை வைத்துப் பார்த்தேன்.
முள் கடைசிக் கோட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அவரும் ஒருமுறை ஆட்டினார்.
ஏணியைப் பிடித்து, முதுகைக் காட்டி,
கம்பத்திலிருந்து இறங்குவதுபோலவே இறங்கினார்.
முட்டி. இடுப்பு. விலா.
பிறகு ஒரு கையை எடுத்தார்.

ரொட்டியைத் தேடினேன்.
என் கைக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தது.